ஏழாவது மணி

“ஆஃபர் முடிய இன்னும் பத்து நிமிசந்தான். வாங்கிரட்டா?” கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான் ராஜபாண்டியன்.

“ஏற்கெனவே ஆறு சிந்தசைசர் சாஃப்ட்வேர் வாங்கிட்டீக. ஒரு பாட்டாவது முடிச்சீகளா?” என்றாள் அவன் மனைவி யோகேஸ்வரி.

“எப்படி முடிக்க? ஆறுலயும் மணிச் சத்தம் சரியில்ல. மேல் ஸ்தாயிக்குப் போகப் போக அமுங்கிருது.”

“செஞ்ச ஆறு பேருக்குமா தெரியாமப் போச்சு?”

“பதினஞ்சு வருசமா பட்டாசுக் கம்பெனியில வெடியைப் போட்டுப் பாத்துச் சரி சொல்றவன் நான். சத்தத்தைப் பத்தி எனக்கே பாடமா?”

“கத்தாதீக, புள்ள தூங்குறா. கடைசியா வாங்குனதைப் போடுங்க. நானும் கேக்கேன்.”

அவன் ஸ்பீக்கரை முழு அளவுக்குத் திருகினான். பக்கத்திலிருந்த இசைக் கீபோர்டின் வலது ஓரக் கட்டையை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான்.

யோகேஸ்வரி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். தொட்டில் குலுங்கியது. குழந்தை வீறிட்டது.

“பாத்தியா? மணியே கேக்கல,” என்றபடி அவன் திரும்பினான். “ஆமா, இவ எதுக்கு இப்ப அழுகா?”