விருந்தில் எழுந்து போனவர்

இது நான் நேரில் பார்த்தது இல்லை. எங்கள் மாடி வீட்டு அம்மா சொன்னது. அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. ஒரு நாள் காலையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குப் போய் அழைப்பு மணியை அழுத்தினார். கதவைத் திறந்த உறுப்பினரின் மனைவி ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயும் திட்டத்தான் வந்தியாம்மா? வரிசையில நில்லு. முதல் ஆள் நான்."

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. ஜனாதிபதி வெளிநாடு போனபோது கட்சிக்கு ஒருவராக அழைத்துப் போயிருந்தார். விருந்தில் அந்த நாட்டுத் தலைவர் நம் ஜனாதிபதியைப் பாராட்டிப் பேச, எல்லோரும் கைதட்ட, இந்த உறுப்பினர் மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான். 'நம்ம ஜனாதிபதியை நாலு பேர் புகழ்ந்தா இவருக்கு ஏன் எரியுது?' என்று ஊரே கேட்டது.

தேர்தலுக்கு இரண்டே மாதம். போன தடவை முந்நூறு ஓட்டில் தப்பித்தவர். இந்தத் தடவை டெபாசிட்கூடத் தேறாது என்று அவர் கட்சிக்காரர்களே பேசிக்கொண்டார்கள்.

நாடாளுமன்றத்தில் அவருக்குச் 'சரவெடி' என்று பேர். ஜனாதிபதியை 'பொம்மை' என்று சொல்லாமல் ஒரு பேச்சையும் முடித்ததில்லை. அந்தச் சரவெடி நாலு நாளாக நமுத்துப் போய், முன்னறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது.

"உட்காரும்மா," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் உட்காரவில்லை. "ஐயா, அந்தத் தலைவர் பாராட்டவே இல்லை. 'எங்க வீட்டுல ஒரு நாய் இருக்கு. கூப்பிட்டா வரும், உட்காருன்னா உட்காரும். உங்க ஜனாதிபதியும் அப்படித்தான்'னு சொன்னார். நான்தான் அதை, 'கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் நண்பர், எங்கள் வீட்டில் ஒருவர்'னு மாத்திச் சொல்லிட்டேன். மறுநாள் மின்சார ஒப்பந்தத்துல கையெழுத்தாகணும். அது கெட்டுடுமேன்னு பயந்துட்டேன். பாவம், ஜனாதிபதிக்கு அந்த பாஷை ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கா?"

"சின்ன வயசுல ஆறு வருஷம் அந்த ஊர்த் துறைமுகத்துல மூட்டை தூக்கினேன். அந்த பாஷையில நான் முதல்ல கத்துக்கிட்டதே வசவுதான். நீ மாத்தினது நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஆளுக்கு அவ்வளவு நல்ல பேச்சு வராது."

வாசலிலேயே நின்ற மனைவி உள்ளே வந்தார். "நீங்க சொல்லாததையா அவன் சொல்லிட்டான்?"

"நான் சொல்லலாம். அவரைக் கேள்வி கேட்கச் சொல்லி எனக்கு ஜனங்க ஓட்டுப் போட்டிருக்காங்க. அந்த ஆளுக்கு யார் போட்டா?"

"அப்போ பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு இதைச் சொல்லிடுங்க ஐயா. நானே சாட்சி சொல்றேன். என் வேலை போனாப் போகட்டும்."

சரவெடி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அவர் கைதட்டினாரேம்மா. தன்னை நாய்னு சொன்னதுக்குச் சிரிச்சுக்கிட்டே தட்டினார். அது வெளிய வந்தா ஆயுசுக்கும் அதுதான் அவர் பேர். இன்னும் பத்து வருஷம் நான் அவரைத் திட்டுவேன். இதைச் சொல்லித் திட்ட மாட்டேன்."

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. ஒரு நிருபர்.

"விருந்துல ஏன் எழுந்து போனேன்னா கேட்கிறீங்க? வயிறு சரியில்லை தம்பி." வைத்துவிட்டார்.

"இத்தனை வருஷமா வாய்தான் சரியில்லாம இருந்துச்சு. இப்போ வயிறும் சேர்ந்துடுச்சா?" என்றார் மனைவி. சொல்லிக்கொண்டே இஸ்திரிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, மிச்சச் சட்டைகளைத் தானே போட ஆரம்பித்தார்.

ஓய்வு பெறும்வரை அந்த அம்மா இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. சரவெடியும் வயிற்றுவலிக் கதையைக் கடைசிவரை மாற்றவில்லை. ஜனாதிபதிக்கு எதுவுமே தெரியாது என்றுதான் அந்த அம்மா இன்றுவரை நினைக்கிறார்.

கேட்டதை அப்படியே எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. நூலகத்துக்குப் போய் அந்த வருடத்துப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தேன். ஆளுங்கட்சியின் வேட்பாளர் பட்டியலை ஜனாதிபதியே தன் கையால் வெளியிட்டிருந்தார். எல்லாத் தொகுதிக்கும் ஆள் போட்டிருந்தார், சரவெடியின் தொகுதியைத் தவிர.