ஸ்வாமி கொடுத்தனுப்பிய கொம்பு

சுள்ளிக்கலில் கமலாக்ஷியின் வீட்டு வாசலில் அந்தச் செடியைப் பார்த்ததும் பிச்சுமணி சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

சந்தேகமே இல்லை. மஞ்சள் இலை, நடுவில் சிவப்புப் பொட்டு, நுனியில் ஒரு முறுக்கு. அவருடைய குரோட்டன்ஸ். மட்டாஞ்சேரி முழுக்கத் தேடினாலும் தன் வீட்டில் மட்டும்தான் இருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்த குரோட்டன்ஸ், ஒரு டால்டா டப்பாவில் ஒய்யாரமாக நின்றது.

பிச்சுமணியும் அதைக் காசு கொடுத்து வாங்கியவரில்லை. மூணாறில் ஒரு பங்களாவுக்குக் கல்யாண விருந்துக்குப் போனபோது, யாரும் பார்க்காத சமயம் ஒரு கொம்பை ஒடித்துக் குடைக்குள் சொருகிக்கொண்டு வந்தார். அது வேறு விஷயம். ஆனால் தன் செடியிலிருந்து யாருக்கும் ஒரு இலைகூடத் தரமாட்டார். ஊரெல்லாம் அந்தச் செடி இருந்தால் அப்புறம் தன் வாசலில் யார் நின்று பார்ப்பார்கள் என்பது அவர் கட்சி.

கிளை கழிக்கும் நாளில் கழித்ததையெல்லாம் மனைவி கங்காவிடம் கொடுத்து வெந்நீர் அடுப்பில் போடச் சொல்வார். குப்பையில் எறிந்தால் யாராவது பொறுக்கி நட்டுவிடுவார்களாம். ஈர மண்ணில் சொருகி நிழலில் வைத்துவிட்டால் தானாக வேர் பிடிக்கிற சாது அது. அவருடைய பயமும் அதுதான்.

கமலாக்ஷி ரவிக்கை தைப்பவள். போன வருஷம் கங்காவின் ரவிக்கைகளைக் கொடுக்க வந்தவள் செடியைப் பார்த்துச் சொக்கிப்போய், ஒரே ஒரு கொம்பு கேட்டாள். கிடையாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பினார். கேட்டுக் கிடைக்காததைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டாள், அவ்வளவுதான்.

மெஷினில் தைத்துக்கொண்டிருந்தவள் அவரைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள். பிச்சுமணி சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, வழக்கு விசாரிக்கிறவர் மாதிரிச் செடியைக் காட்டினார்.

"இது எங்கேருந்து வந்தது?"

"ஸ்வாமி வீட்டுலேருந்துதான்" என்றாள் கமலாக்ஷி.

இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு நாலு நல்ல வார்த்தைகள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அதற்குள் அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உள்ளே பார்த்து ஒரு சாயாவுக்குச் சொல்லிவிட்டாள்.

"மறைக்க மாட்டேன் ஸ்வாமி. அன்னிக்கு நீங்க இல்லேன்னு சொன்னப்ப, இங்க வந்து சேர்ற வரைக்கும் உங்களை வைதுண்டேதான் வந்தேன். மறுநாள் மாமி இந்தக் கொம்பை எடுத்துண்டு வந்தாங்க. ஒரு பொண்ணை வெறுங்கையோட அனுப்பிட்டேனேன்னு ஸ்வாமிக்கு ஒறக்கமே வரல்லையாம். நேர்ல வர வெட்கமாம். அதான் மாமிகிட்டக் கொடுத்தனுப்பினீங்களாம். கேட்டதும் எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு."

பிச்சுமணிக்கு நாக்கு நுனியில் இருந்த நாலு வார்த்தைகளையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாயா வந்தது. அதோடு சேர்த்து விழுங்கினார்.

அவளை வெறுங்கையோடு அனுப்பிய அன்று இரவு நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கியது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் இவ்வளவு மரியாதையாக உட்கார வைத்துச் சாயா கொடுக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

கமலாக்ஷி விடவில்லை. வாங்கினவர்கள் ஆளுக்கு ரெண்டு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஸ்வாமி போட்ட கண்டிஷனைத் தான் மீறவில்லை என்றாள். பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கொடுத்தாயிற்றாம். அவர் எட்டிப் பார்த்தார். கொடுத்துத்தான் இருந்தாள்.

"நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வேறென்ன சொல்வார்?

வரும்போது கண்ணில் படாததெல்லாம் திரும்பும்போது பட்டது. சாயாக்கடை வாசலில் ஒன்று. சைக்கிள் கடைக்காரனின் பழைய பெயிண்ட் டின்னில் ஒன்று. சுக்கு மண்டி முகமது இஸ்மாயில் வாசலில், எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி பளபளவென்று ஒன்று.

இஸ்மாயில் கல்லாவை விட்டு இறங்கி வந்து கும்பிட்டார். வீட்டுக்காரி சீக்காகப் படுத்திருந்தபோது ஸ்வாமி செடி அனுப்பியதை மறக்கவே மாட்டோம் என்றார். அவள் தினமும் ஜன்னல் வழியாக அது துளிர் விடுவதைப் பார்த்தே பாதி தேறினாளாம்.

ஹெட் கிளார்க் ஆனதிலிருந்து தெருவில் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பிச்சுமணி நினைத்திருந்தார். உத்தியோகத்துக்கு ஊர் தரும் மரியாதை என்று கங்காவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். அவள் அப்போது மோரை மட்டும் ஊற்றிவிட்டுப் போனாள்.

மிச்ச தூரம் சைக்கிளில் ஏறத் தோன்றவில்லை. தள்ளிக்கொண்டே வந்தார். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே வந்த இன்னும் இரண்டு பேர் கும்பிட்டதில், வீடு வருவதற்குள் கோபம் எங்கோ விழுந்துவிட்டது.

கங்கா அடுக்களையில் மரவள்ளிக் கப்பைக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"கமலாக்ஷி ஆத்துக்குப் போயிருந்தேளா?"

"போயிருந்தேன்."

பிச்சுமணி அவளுக்கு எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கப்பைத் துண்டை எடுத்துக் கையில் உருட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னும் யார் யாருக்கெல்லாம் நான் குடுத்திருக்கேன்னு சொல்லிடு கங்கா. நாளைக்கு யாராவது நல்ல வார்த்தை சொன்னா, நான் முழிச்சுண்டு நிக்கப்படாதோல்லியோ."