உப்பு மிளகுப் பொட்டலம்

மரு உதிரட்டும் என்று கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட வந்தவர்கள், வரிசையில் நிற்கும்போதே கழுத்தையும் கையையும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லிக்கு மரு பிறப்புறுப்பில். "உனக்கு எங்கேம்மா இருக்கு?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "சேரும்போது தோலோட தோல் பட்டு ஒட்டிக்கிறது இது. கண்ணுக்குத் தெரியாமலே உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இருக்கலாம். அவரையும் கூட்டிட்டு வாங்க."

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நான் எதுக்கு?" என்று தெருமுனை ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை கூப்பிட்டும் வராத அதே கணவன் ஞானவேல்தான், இரண்டு பஸ் மாறி அவளை இங்கே கூட்டிவந்து, கரிசனமாகக் குடையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

பொட்டலம் விற்கிறவள் கேட்டாள். "யாருக்கு மரு?"

"இவளுக்குத்தான்" என்றான், குளத்தின் மறுகரைக்கே கேட்கிற மாதிரி.

செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு பொட்டலமாக் குடுங்க" என்றாள். "ஒண்ணு இவர் கையில."

வரிசை மொத்தமும் திரும்பி, அவன் கழுத்திலும் கையிலும் மருவைத் தேட ஆரம்பித்தது.