யார் போட்ட புகார்?

கடிதத்தை லுபே மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை அவளுக்குப் பயம் போய்விட்டது. கோபம்தான் மிச்சம் இருந்தது.

அவள் கணவன் செமிசிக்கு வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையைப் பற்றி யாரோ புகார் செய்திருக்கிறார்கள். வீட்டு நிலவரம் பதிவில் இருக்கிறபடி இல்லையாம். பதினான்கு நாளுக்குள் ஆதாரங்களோடு மில்டியூரா நகர உதவித்தொகை அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டுமாம்.

செமிசி பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகிறது. ராபின்வேல் திராட்சைத் தோட்டங்களில் தன்னைப் போலவே டோங்கா தீவிலிருந்து வந்த இருபது பேரை வைத்து வேலை வாங்கிய மனுஷன். இன்றைக்கு அவனால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. லுபே விடிவதற்குள் அவனைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, பாதாம் ஷெட்டுக்குப் பொட்டலம் கட்ட ஓடுவாள். சாப்பாட்டு இடைவேளையில் வந்து துணி மாற்றிவிட்டு மறுபடியும் ஓடுவாள்.

உனக்கும் அரசாங்கத்தில் ஏதாவது கிடைக்கும், போய்க் கேள் என்று சர்ச்சில் பெண்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள். கையும் காலும் நன்றாக இருக்கிறவள் கவுண்டரில் போய் நிற்க மாட்டாள் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

அவளைப் பார்த்துத் திருடி என்றால்?

வீட்டு நிலவரம், வீட்டுக்குள் வந்து போகிறவர்களுக்குத்தானே தெரியும்? வந்து போகிறவள் ஒருத்திதான். செமிசியின் அக்கா அனசெய்னி. போன வாரம்கூடத் தம்பியின் முதுகைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புண் வந்திருக்கிறதே, இப்படியே எத்தனை நாள் ஓட்டப்போகிறாய் என்று கேட்டாள். அது லுபேவுக்குக் குத்தலாகப் பட்டது.

அன்று மாலை அனசெய்னி வந்தபோது லுபே வாசலிலேயே மறித்தாள்.

"அக்கா, இனிமே நீங்க இந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம்."

டோங்கா வழக்கத்தில் புருஷனின் அக்காவுக்குத்தான் குடும்பத்தில் முதல் மரியாதை; அவளைப் பார்த்து அப்படிச் சொல்ல எந்த டோங்காப் பெண்ணுக்கும் வாய் வராது. அனசெய்னி, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொட்டலங்களைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததே சாட்சி என்று லுபே முடிவு கட்டினாள்.

அடுத்த பத்து நாளும் அவள் ஓய்ந்து உட்காரவில்லை. டாக்டரைப் பார்க்க ஒரு மாதமாகும் என்றார்கள். அவர் டீ குடிக்க வெளியே வரும்வரை பெஞ்சை விட்டு நகராமல் இருந்து கடிதம் வாங்கினாள். ஷெட் மேனேஜரிடம் வேலை நேரப் பட்டியல் வாங்கினாள். குடியுரிமைச் சான்றிதழ்களைத் தேடி எடுத்தாள். செமிசிக்குத் தான் செய்வதையெல்லாம், மணி போட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

மில்டியூராவில் பிரென்டா என்ற அதிகாரி எல்லாவற்றையும் புரட்டினாள். நோட்டுக்கு வந்ததும் நிதானமானாள்.

"இதெல்லாம் யார் செய்யறது?"

"நான்தான்."

"உதவிக்கு?"

"யாருமில்ல."

"வேலைக்கும் போறீங்க. அப்புறம் ஏன் உங்க பேர்ல ஒண்ணுமே பதிவாகல?"

"எனக்கு என்ன நோய்?"

பிரென்டா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். செமிசியின் கோப்பில் குறை எதுவும் இல்லை, அதை இன்றே மூடிவிடலாம் என்றாள். பிறகு வேறொரு படிவத்தை எடுத்தாள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று தனி உதவித்தொகை இருக்கிறது. வேலையை விட வேண்டாம், நேரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். பகலில் வந்து கவனித்துக்கொள்ள ஓர் ஆளுக்கும் எழுதலாம்.

தான் எதுவும் கேட்டு வரவில்லை என்று லுபே எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க. இது பிச்சை இல்ல. ரெண்டு வருஷமா நீங்க செய்யறதும் ஒரு வேலைதான். அதை அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்துங்க, அவ்வளவுதான்."

லுபே உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட்டாள்.

ஆறு வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. பகல் உதவிக்கு ஒரு பெண் வந்தாள். அன்றைக்குத்தான் லுபே இரண்டு வருடத்தில் முதல்முறையாக யாருக்காகவும் அவசரப்படாமல் தெருவில் நடந்தாள். நேரே அனசெய்னியின் வீட்டுக்குப் போனாள். ஜெயித்ததைக் காட்டாமல் அவளுக்கு மனசு ஆறாது.

அனசெய்னி கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். லுபே கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"உங்க புகார் எங்க போய் முடிஞ்சிருக்குன்னு படிச்சுப் பாருங்க அக்கா."

அனசெய்னி கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. அவள் ஜெபம் செய்கிறாள் என்று புரிய லுபேவுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"அப்போ, புகார் பண்ணினது நீங்கதானே?"

"நான்தான்."

"கூடப் பொறந்தவன் சோத்துல கை வைக்க எப்படிக்கா மனசு வந்துது?"

அனசெய்னி கடிதத்தை மடித்து அவள் கையிலேயே வைத்தாள்.

"போய்க் கேளுன்னு ஊரே சொல்லியும் நீ போகல. உன்னைத் திருடின்னு யாராவது சொன்னா, அப்படி இல்லன்னு நிரூபிக்கறதுக்காவது நீ அங்க போவேன்னு எனக்குத் தெரியும் லுபே."