கண்ணில் படாத மஞ்சள் விமானம்

“உங்க விமானம் மட்டும் ஏன் யார் கண்ணுலயும் பட மாட்டேங்குது, வெர்லின்?”

பிரென்னா எழுந்து நின்று கேட்டாள். விமானக் கொட்டகைக்குள் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள்.

சட்டம் படிக்கிற பெண். வாதம் என்று வந்துவிட்டால் அவளுக்குப் பசி, தாகம் தெரியாது. அந்தச் சின்ன விமானத் தளத்துக்குப் பாதுகாப்புச் செயலாளராகவும் அவளைத்தான் போட்டிருந்தார்கள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. கன்சாஸ் சிட்டியின் பெரிய விமான நிலையத்தைச் சுற்றிப் பறக்கிற எந்த விமானமும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று வானத்துக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் கருவியை மாட்டியாக வேண்டும். மற்ற விமானிகள் மடியில் வைத்திருக்கிற திரையில் அது ஒரு புள்ளியாக நகரும். ஆனால் கருவியின் விலை யானை விலை. விமானத்தையே விற்றுத் தொலைத்துவிடலாமா என்று பாதிப் பேர் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

சல்லிசான வழியை முதலில் கண்டுபிடித்தவரே வெர்லின்தான். வாலில் இருக்கிற பழைய விளக்கைக் கழற்றிவிட்டு, கருவியும் சேர்ந்த புது விளக்கை அதே இடத்தில் மாட்டினால் ஆயிற்று. ஒயர்கூடப் புதிதாக இழுக்க வேண்டாம். அதை வாங்கவே ஏரியில் கிடந்த படகை விற்றார். “மீனுங்களாவது நிம்மதியா இருக்கட்டும்” என்று சிரித்தார்.

அப்படிப்பட்டவருடைய மஞ்சள் விமானம், போன சனிக்கிழமை பிரென்னா தரையிறங்கும்போது அவள் விமானத்தின் இறக்கைக்குக் கீழே திடீரென்று முளைத்தது. திரையில் புள்ளியே இல்லை. மயிரிழையில் தப்பினார்கள்.

மெக்கானிக் ஹார்லன் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டார். கருவியில் ஒரு பழுதும் இல்லை.

“பழுதில்லைன்னா, யாரோ வேணும்னே அணைச்சு வைக்கறாங்கன்னு அர்த்தம்,” என்றாள் பிரென்னா. “எங்கே போறோம் வர்றோம்னு ஊருக்குத் தெரியக் கூடாதா?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் பெரியவருக்கு யாரோ இருக்காங்கப்பா,” என்றார் ஹார்லன். கொட்டகையே சிரித்தது.

பிரென்னா சிரிக்கவில்லை. இடுப்பு வலிக்காரர் ஆயிற்றே என்று சனிக்கிழமைதோறும் அவருடைய விமானத்தை வெளியே இழுத்து நிறுத்துகிறவள் அவள். அன்றைக்கும், சாப்பாட்டு மேசை போட இடம் வேண்டுமென்று, கோபத்தோடு கோபமாக அவள்தான் இழுத்து நிறுத்தியிருந்தாள். இவ்வளவு செய்தும் ஏமாற்றுகிறாரே என்பதுதான் அவளைச் சுட்டது.

“கடைசியா ஒண்ணு. அந்த விமானத்துக்குள்ள உங்க கையை விட்டா வேற யார் கை போகுது?”

வெர்லின் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“என் கைதாம்மா,” என்றார். “வயசாயிடுச்சு.”

அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? அவர் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் உயர்ந்த கை பிரென்னாவுடையது.

பக்கத்தில் எந்தத் தளத்திலும் இடம் கிடைக்கவில்லை. விமானத்தை விற்பதாக வெர்லின் விளம்பரம் கொடுத்தார். ஜெயித்த சந்தோஷம் பிரென்னாவுக்கு ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. கடைத்தெருவில் ஒருநாள் அவரைப் பார்த்தாள். அவள் படிப்பைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். தலைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. எப்போதும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிற மனிதர், அன்றைக்குத் தலையைத் தூக்கவே இல்லை.

ஐயோவா மாநிலத்திலிருந்து நோரா என்ற பள்ளி ஆசிரியை விமானத்தை வாங்கிக்கொண்டு போக வந்தாள். வெர்லின் வரவில்லை. இதையாவது செய்வோம் என்று பிரென்னாவே கொட்டகையைத் திறந்தாள். விமானத்தின் கதவு வழியாகக் கையை விட்டுப் பிரேக்கைத் தளர்த்தினாள். கை பழக்கத்தில் பக்கத்திலிருந்த விளக்கு சுவிட்சையும் தட்டி அணைத்தது. பட்டப்பகலில் விளக்கு எரிந்தால் பேட்டரிக்குக் கேடு என்று பறக்கக் கற்றுக்கொண்ட நாளிலேயே மனதில் பதிந்த பாடம். பாவம், பெரியவர் எப்போதும் அணைக்க மறந்துவிடுவார்.

நோரா சிரித்துவிட்டாள்.

“அட, அந்தப் பொண்ணு நீதானா?”

“எந்தப் பொண்ணு?”

“விளக்குக்கும் கருவிக்கும் ஒரே சுவிட்சும்மா. இதை அணைச்சா ரெண்டும் போச்சு. வெர்லின் சொல்லித்தான் அனுப்பினார். ‘ஒரு பொண்ணு வந்து விமானத்தை இழுத்துக் கொடுக்கும். நல்ல மனசு. பேட்டரி வீணாகுதேன்னு இதை அணைச்சுடும். திட்டிடாதீங்க, அது போனப்புறம் போட்டுக்குங்க’ன்னார்.”

பிரென்னா கையை வெளியே இழுத்துக்கொண்டாள். அவருக்கு இது எப்போது தெரியவந்தது என்று மெல்லக் கேட்டாள்.

“ஏதோ பான்கேக் சாப்பாடாமே, அன்னிக்குக் காலையிலதான் நீ அணைக்கறதைக் கண்ணால பார்த்தாராம். தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடலாம்னுதான் உள்ளே வந்தாராம்.” நோரா சுவிட்சை மறுபடி போட்டுவிட்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். “அதுக்குள்ள நீ எழுந்து நின்னு எல்லார் முன்னாடியும் என்னமோ கேட்டுக்கிட்டு இருந்தியாம். ‘அவ்வளவு நல்லாப் பேசுச்சு, நடுவுல நிறுத்தி அதைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரலை’ன்னார்.”