சிவக்காத செடி

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையின் கேட்டருகே நின்று மேனேஜர் மதிவாணன் கத்தினார். கையில் சிவப்புப் பாயின்செட்டியா தொட்டி.

"மெக்சிகோ செடி! கிறிஸ்துமஸுக்கு உலகமே இதைத்தான் வாங்குது. நீ என்னடான்னா இந்தக் காட்டுச்செடிக்கு ஒரு வருஷமா தண்ணி ஊத்தியிருக்க. இதைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போ. நாளைலேர்ந்து வேலைக்கு வராதே."

தோட்ட வேலை பார்க்கும் ரோசம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு வருட வேலை. கெஞ்சவில்லை. காட்டுச்செடியின் அடித்தண்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் அட்டையை அவிழ்த்து, முந்தானையால் துடைத்து நீட்டினாள்.

'முதலாளிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மதிவாணன்.' போன வருடத் தேதி.

"நீங்க வாங்கியாந்து வெச்ச அதே செடிதான் சார்."

"அப்ப ஏன் சிவக்கல?"

"செவக்குறது பூ இல்ல சார், எலை. ராவெல்லாம் இருட்டுல இருந்தாதான் செவக்கும்னு நர்சரிக்காரன் அப்பவே சொன்னான். நீங்கதான் இதுக்கு மேல இருக்குற கேட் லைட்ட அணைக்கவே கூடாதுன்னு சொல்லிக்கினு இருக்கீங்க."

மதிவாணன் அட்டையைப் பாக்கெட்டில் திணித்தார். "சரி சரி, நாளைக்கு வந்துடு."

"இந்தப் புதுச்செடிய எங்க வெக்கிறது சார்?"

"அதே இடத்துல வை. முதலாளி கண்ணுல படணும்."

ரோசம்மாள் மேலே பார்த்தாள். பட்டப்பகலிலும் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வருடக் காட்டுச்செடியை அதன் கீழே வைத்தாள்.