வைஃபை இல்லாத மதர்போர்டு

பெட்டிமேல் ஒட்டியிருந்த சீலை அவள் இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தாள்.

பிரியவில்லை.

"கம்பெனியில ஒட்டினதுதாம்மா. நான் வீட்டுல உக்காந்து ஒட்டல" என்றார் கடைக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. ப்ராசசர் பெட்டியைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, கைக்குள் நான்காக மடித்திருந்த தாளைப் பிரித்தாள். முதல் வரியில் இந்தக் கடையின் பெயர், சந்து, மாடி. அதற்குக் கீழே ஒன்பது பொருள்கள்.

தாளை அவர் கையில் கொடுக்கவில்லை. தானே படித்தாள்.

ஒரு மாதமாக இந்த ஒன்பதில் ஒன்றைக்கூட அவள் தன் லேப்டாப்பில் தட்டவில்லை. எல்லாவற்றையும் ஆபீஸில், மதிய இடைவேளையில், பக்கத்து நாற்காலி அக்காவின் கணினியில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டாள். நேற்று மாலை வீட்டில் ஒரு நோட்டை எடுத்து, பேனாவை அழுத்தி அழுத்தி எழுதி, தாளைக் கிழித்துக்கொண்டாள். இரவு அது தலையணை உறைக்குள் இருந்தது.

லேப்டாப் அண்ணன் வாங்கித் தந்தது. எல்லாவற்றையும் போட்டு, சரிபார்த்து, அவனேதான் கொடுத்தான். தங்கச்சியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறான் என்று சொந்தக்காரர்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள்.

பல் வலிக்கிறது என்று தோழிக்கு எழுதினால், சாயங்காலம் மேஜைமேல் மாத்திரை இருக்கும். வாய் திறந்து யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

வெளியூரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். 'தாங்கள் விலகிக்கொள்வதாக எழுதிய கடிதம் கிடைத்தது' என்று பதில் வந்தது. அவள் விலகவே இல்லை.

ஆன்லைன் விளையாட்டில் தினமும் அவளோடு சேர்ந்து ஆடிய ஒருத்திக்குப் 'பூனைக்குட்டி' என்று பெயர். 'நீ சொன்ன மாதிரியே இனிமேல் வரமாட்டேன்' என்று எழுதிவிட்டு அவளும் போய்விட்டாள். இவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அதனால்தான் இந்தக் கணினி. அவளே பொறுக்கியெடுத்து, அவளே கோத்து, அவளே முதலில் தொடும் ஒன்று. அதில் வீடுகளின் படங்களை வரைந்து, பென்டிரைவில் ஆபீஸுக்குக் கொண்டுபோவாள். மிச்ச நேரத்துக்குத் தனியாள் விளையாட்டு. வைஃபையே வேண்டாம். வீட்டு வைஃபை அண்ணன் அறையில் இருக்கிறது.

இன்று நூலகம் போவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். பால் வாங்கவே மெசேஜ் அனுப்புகிற ஆள்.

"என்னண்ணா, மறுபடி ஸ்கூல்ல சேரப் போறியா?"

அவன் சிரித்தான். சற்று நேரம் கழித்து அறைக்கு வந்து, அவள் கன்னத்தைத் தட்டி, "பாத்துப் போயிட்டு வா" என்றான். அவளுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டான்.

"கிராஃபிக்ஸ் கார்டு முப்பது சென்டிமீட்டர், கேபினெட்டுக்குள்ள முப்பத்திரண்டு இருக்கு. இடிக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை பாக்குறவங்ககூட இவ்வளவு பொருத்தம் பாக்க மாட்டாங்கம்மா." கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். "கன்னத்துல ஏதோ கரி மாதிரி இருக்கு பாருங்க."

கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். சந்தில் பாதி தூரம் புழுதிதான்.

ரேம் வந்தது. பவர் சப்ளை வந்தது. ஒவ்வொன்றின் சீலையும் தடவினாள். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற ஏற, நெஞ்சில் எதுவோ மெல்ல இறங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு முழு மூச்சு விட்டாள்.

"மதர்போர்டு. வைஃபை இல்லாதது."

கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு நின்றார், சிரிப்பை அடக்குகிறவர் போல.

"இல்லாதது இருக்குல்ல?" என்றாள்.

"அம்மா, சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் வாய் நிக்க மாட்டேங்குது." அவர் மேஜையின் மேல் சாய்ந்தார். "உங்க அண்ணன் கடை திறக்கும்போதே வந்துட்டாரு. உள் ரூம்ல இதே மாதிரி வேற ஒரு செட்டைக் கோத்து, ஓட விட்டு, அவரே என்னென்னவோ சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. தங்கச்சி வருவா, அவளே செலக்ட் பண்ற சந்தோஷம் கெடக் கூடாது, கேக்குறதையெல்லாம் எடுத்துக் காட்டுங்கன்னாரு. குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

நம்பாதவளிடம் காட்டுவது போல, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அவளுடைய நோட்டுத் தாள்தான். அவள் கிழித்த தாளுக்கு அடுத்த தாள்.

முழுவதும் பென்சிலால் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அந்தச் சாம்பல் நிறத்துக்குள், அவள் பேனா அழுந்திய இடமெல்லாம் வெள்ளையாக, அவளுடைய கையெழுத்து. கடையின் பெயர், சந்து, மாடி. ஒன்பது பொருள்கள்.

மதர்போர்டு வரியில் மட்டும் 'இல்லாதது' என்பதை நீல மையால் அடித்து, 'உள்ளது' என்று திருத்தியிருந்தது. அழகான கையெழுத்து.

அவள் கையிலிருந்த கைக்குட்டையைப் பிரித்தாள்.

அதே சாம்பல் நிறம். நான்கு விரல்களின் அகலம்.